கோட்டு மடிப்பில் இரண்டு ஆணிகள்

இன்று காலை பொத்தான் தைக்க உன் ஊசி டப்பாவைத் திறந்தேன். தையல் மிஷின் எண்ணெய் வாசனையோடு நீயும் எழுந்து வந்தாய். கூடவே, போன ஞாயிற்றுக்கிழமை நடுக்கமும். அதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல?

நம் மகள் பிறந்த வாரம் அவள் தலைமாட்டில் கத்தி வைத்தாய். "இரும்பு கூட இருந்தா எதுவும் அண்டாதுங்க" என்றாய். "பாத்து, பால்காரனும் அண்டாம ஓடிடப் போறான்" என்று சிரித்தேன்.

அவள் இப்போது புரோட்டானை ஆராய வெளிநாடு போயிருக்கிறாள். கிளம்புமுன் எனக்கு விளக்கினாள். "அதுக்குள்ள மூணு குவார்க்குப்பா. எவ்ளோ இழுத்தாலும் ஒண்ணையொண்ணு வுடாது. புரோட்டானோட சுழற்சி அந்த மூணால வருதுன்னு நெனச்சினு இருந்தாங்க. அளந்து பாத்தா கொஞ்சந்தான் வருது. மீதி எங்கேர்ந்துன்னு யாருக்கும் தெரியல."

பத்தாவது தாண்டாத எனக்கு ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது: யாருக்கும் தெரியாததைத் தேடி என் பெண் தனியாகப் போகிறாள். அவள் தூங்கும்போது கம்பளிக் கோட்டின் மடிப்பைப் பிரித்து, உன் ஊசியால் ஆணி வைத்துத் தைத்துவிட்டேன்.

ஞாயிறன்று, சொல்லி வைத்த நேரத்தில், சுங்குவார்சத்திரம் டெலிபோன் பூத்துக்குப் போன் செய்தாள்.

"நாளைக்குத்தான் ஆய்வுக்கூடத்துக்குள்ள போறேம்பா. புரோட்டானையெல்லாம் ஒரே பக்கமா திருப்ப அங்க பெரிய காந்தம் வச்சிருக்காங்க. இரும்பு கிட்ட போனா தோட்டா மாதிரி பறக்குமாம்."

"கண்ணு... உன் கோட்டு மடிப்புல ஆணி கீதும்மா."

"ஆணியா? யாரு வச்சது?"

"உங்கம்மா."

"அம்மா போயி எவ்ளோ வருஷமாச்சு! கோட்டு போன மாசம் வாங்கினதுப்பா!"

இணைப்பு அறுந்தது. அப்போதுதான் உறைத்தது: நான் சொன்னது ஓர் ஆணி, தைத்தது இரண்டு, பக்கத்துக்கு ஒன்று.

அவள் விடுதி எண்ணைப் பூத்துக்காரர் திரும்பத் திரும்பச் சுழற்றினார். "இன்னாண்ணே, சீமைக்கு ஆணி ஏவாரமா?" என்றவர், என் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார். வேர்வையில் சட்டை முழுக்க நனைந்தபின் லைன் கிடைத்தது.

"இன்னொண்ணும் கீதும்மா!"

"எடுத்துட்டேன். நீ ஒண்ணோட நிறுத்துற ஆளாப்பா? ரெண்டையும் குப்பையில போட்டுட்டேன்."

காந்தத்தைப் பற்றிய பயம் அங்கேயே தீர்ந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அடுத்தது பிடித்துக்கொண்டது: அந்தக் குளிர் தேசத்தில் இப்போது அவளிடம் ஒரு துண்டு இரும்பு கூட இல்லை. நீ இருந்தவரை பயப்படுவது உன் வேலை, சிரிப்பது என் வேலை. உன் வேலையையும் இப்போது நான்தான் பார்க்கிறேன். சரியாகச் செய்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை.