கறுத்த குதிகால்

கருங்கல்,
1933 ஏப்ரல் 20.

கர்த்தருக்குள் பிரியமான ரத்தினம் அக்காவுக்குப் பூங்கனி எழுதுவது.

இதை யாருக்கும் காட்டாதீர்கள் அக்கா. ஆஸ்பத்திரியில் உங்களோடு நர்ஸ் வேலை படிக்கிறவர்களுக்கும் வேண்டாம். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

லீவுக்கு வந்த மூன்றாம் நாள், என் இரண்டு குதிகாலிலும் கறுப்புப் புள்ளிகள் இருப்பதை அம்மா பார்த்துவிட்டாள். மையைத் தெளித்ததுபோல இருக்கிறது. தேய்த்தும் போகவில்லை. "பெருவியாதியாக்கும்" என்றாள் ராகேல் அத்தை. அன்றிலிருந்து எனக்குப் பின்னறை, தனிக் கிண்ணம், தனிப் பாய். வைத்தியர் எண்ணெய் கொடுத்திருக்கிறார். அதில் குணமாகாவிட்டால் குஷ்டரோகிகள் விடுதியில் கொண்டுபோய் விடுவதாக அப்பா சொல்கிறார்.

போர்டிங்கில் நாம் கூடைப்பந்து ஆடியது அப்பாவுக்குத் தெரியாது. மைதானத்தில் கால் வைத்தால் படிப்பு நின்றுபோகும் என்று சொல்லித்தான் சேர்த்தார். அதனால் வந்ததோ என்று கேட்கவும் பயம். இது அந்த வியாதிதானா அக்கா? பதிலைப் பால் கொண்டுவரும் நாகம்மை வீட்டு விலாசத்துக்கு அனுப்புங்கள்.

உங்கள்
பூங்கனி

ஆஸ்பத்திரி விடுதி,
ஏப்ரல் 29.

அன்புத் தங்கச்சி பூங்கனிக்கு,

பயப்படாதே மக்கா. எனக்கும் இருந்தது. இங்கே சேர்ந்த புதிதில் டாக்டரம்மா என் காலைப் பார்த்ததும், "நீ என்ன விளையாட்டு ஆடுவாய்?" என்றுதான் கேட்டார். ஓடிவந்து சட்டென்று நிற்கும்போது தோலுக்குள் ரத்தம் கசிந்து உறைகிறதாம். ஆடாமல் இருந்தால் சில வாரத்தில் தானே போய்விடும். அந்த வியாதி என்றால் தோல் மரத்துப்போகும். நீயே ஊசியால் குத்திப் பார். பந்தை வாங்கிக்கொண்டு நீ நிற்கிற நிற்பில் மண் பறக்குமே, கால் கறுக்காமல் என்ன செய்யும்?

உன் அப்பாவிடம் உண்மையைச் சொல்லிவிடு. திட்டுவார்; ஆனால் அறையை விட்டு வெளியே விடுவார். உனக்குத் தைரியம் இல்லையென்றால் வருகிற ஏழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நானே வந்து சொல்கிறேன்.

அன்புடன்
ரத்தினம்

கருங்கல்,
மே 3, ராத்திரி.

பிரியமான அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஊசி குத்தினேன். நன்றாக வலித்தது, சந்தோஷத்தில் அழுதேன். புள்ளிகளும் மங்கிவிட்டன. நேற்று அம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, காலு தெளிஞ்சிட்டுல்லா. இனி மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குச் சொல்லி விடலாம்" என்றாள். அப்போதுதான் எனக்கே தெரியும். பெயர் ரசலையன். சிலோனில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. இருபத்துநாலாம் தேதி திரும்பிப் போகிறார். அதற்குள் கல்யாணத்தை முடித்து என்னையும் கூட்டிக்கொண்டு போவாராம். இந்த ஞாயிறு கோவிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசித்தால்தான் மூன்று ஞாயிறு ஓலைக்கும் நாள் சரியாக இருக்கும். இது தவறினால் அவர் தனியாகத்தான் போகவேண்டும்.

கால் கறுத்திருந்தால் பள்ளிக்கூடமும் இல்லை, கல்யாணமும் இல்லை. தெளிந்துவிட்டால் கல்யாணம் மட்டும் உண்டு.

அதனால் நேற்றிலிருந்து எல்லாரும் படுத்தபிறகு, உள்ளே தாழ் போட்டுக்கொண்டு சுவரிலிருந்து கதவுவரை ஓடிவந்து குதிகாலை ஊன்றி நிற்கிறேன். அறை நாலு எட்டு நீளம்தான். இன்று வலது காலில் மூன்று புள்ளிகள் வந்திருக்கின்றன. இன்னும் வேண்டும். காலையில் அப்பா பார்ப்பார்.

இந்த ஒரு ஞாயிறு மட்டும் நீங்கள் வாய் திறக்காதீர்கள். அவர் சிலோனுக்குப் போனபிறகு வந்து, உங்கள் டாக்டரம்மா சொன்னதை அப்பாவிடம் சொல்லுங்கள். ஜூனில் என்னை மறுபடியும் பள்ளிக்கூடத்துக்கு

கதவைத் தட்டுகிறார்கள். நான் ஓடின சத்தம் கேட்டுவிட்டதோ என்னவோ. அம்மா என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். இது கூப்பிடாமல்