கைப்பிடிக்கு அடியில்

தாராவி
4.2.1986

அன்புள்ள ஜகந்நாதா,

நலம். நீ குவாலிட்டி ஆபீசர் ஆனதற்குக் கைகொடுக்க உன் செம்பூர் குக்கர் ஃபாக்டரிக்கு வந்தேன். "பங்கார்வாலா பின்வாசலுக்குப் போ" என்று இந்தப் பழைய இரும்புக்காரனை வாட்ச்மேன் விரட்டிவிட்டான். அதனால் ஒரே பெஞ்சில் படித்தவனுக்குக் கடிதம் எழுதுகிறேன். போன மாதம் என் மகள் ஆபிதா நிக்காஹுக்கு நீ கொடுத்த குக்கரைச் சம்பந்தி வீட்டார் மெச்சிக்கொண்டார்கள்.

ஒரு சந்தேகம். உங்கள் ஆட்கள் சிவப்புப் பெயின்ட் அடித்துக் கழித்த மூடிகள் என் காயலான் கடைக்கு மூட்டை மூட்டையாக வரும். மூன்று மாதமாக ஒன்றுகூட வரவில்லையே, ஏன்?

கரீம் பாட்சா

மாட்டுங்கா
11.2.1986

அன்புள்ள பாட்சா,

க்ஷேமம். வாட்ச்மேன் புதியவன், மனதில் வைத்துக்கொள்ளாதே. கழிவு வராததற்கு நீ சந்தோஷப்பட வேண்டும். 'குறையில்லா உற்பத்தி' என்று திட்டம் போட்டோம். செக்ஷனுக்கு ஒரு போர்டு, வாரம் ஒரு கூட்டம், சமோசா. ரிஜெக்ட் எழுதினால் மெமோ. இப்போது ரிஜெக்ட் பூஜ்யம்! மார்ச் இருபதாம் தேதி எங்களுக்கு விருது. பழைய இரும்பு வியாபாரிக்கு இந்த மேனேஜ்மென்ட் சமாசாரமெல்லாம் புரிவது கஷ்டம்.

உன் ஜகந்நாதன்

தாராவி
3.3.1986

ஜகந்நாதா,

புரிந்துவிட்டது. நேற்று குக்கர் மூடியோரம் ஆவி சீறி ஆபிதாவின் வலது கை வெந்துபோனது. சயான் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கூட்டி வந்தோம். மூடியின் கைப்பிடியைக் கழற்றினேன். அடியில் சிவப்புப் பெயின்ட். மற்ற இடத்தையெல்லாம் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருக்கிறார்கள்.

குறையைச் சொன்னவனுக்கு மெமோ கொடுத்தால் எவன் வாயைத் திறப்பான்? அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருந்தால் உன் திட்டம் உருப்பட்டிருக்கும். நீ சமோசா தின்று ஏப்பம் விட்டிருக்கிறாய். என் கடைக்கு வராத மூடிகள் எத்தனை அடுப்பில் இருக்கின்றன என்று போர்டில் எழுதிப் போடு.

கரீம்

மாட்டுங்கா
9.3.1986

அன்புள்ள பாட்சா,

விஷயம் கேட்டதிலிருந்து என் மனைவி ருக்கு அழுதுகொண்டே இருக்கிறாள். ஏதோ ஒன்று தவறிவிட்டது. நானே ஸ்டோருக்குப் போய், பார்த்து எடுத்த புதுக் குக்கரை அனுப்பியிருக்கிறேன். விழா முடியும்வரை பழைய மூடியை யாரிடமும் காட்டாதே. என் பிரமோஷனே அதில்தான் இருக்கிறது. உன்னை விட்டால் யாரிடம் கேட்பேன்?

ஜகந்நாதன்

தாராவி
14.3.1986

திரு. ஜகந்நாதன் அவர்களுக்கு,

புதுக் குக்கர் வந்தது. கைப்பிடியைக் கழற்றிப் பார்த்தேன். அதிலும் சிவப்பு.

இரண்டு மூடிகளையும் எடுத்துக்கொண்டு இருபதாம் தேதி விழாவுக்கு வருகிறேன். முன்வாசல் வழியாகத்தான் வருவேன். வாட்ச்மேனிடம் சொல்லி வையுங்கள்.

மு. கரீம் பாட்சா