கடைசிப் பெயருக்கு மட்டும் டிக்கெட்

லம்பா லைன், போர்ட் பிளேர்

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகிர்தா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் இருமலும் அம்மாவின் முழங்கால் வலியும் எப்படி இருக்கின்றன? நான் சுகம்.

பொங்கலுக்கு நம் கச்சால் தீவுக்கு வரப் பெட்டியோடு கப்பல் ஜெட்டி வரை போய்விட்டேன். அங்கே நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். நம் சுனாமி குடியிருப்பு சொர்ணம்மா மாமி, மகன், மருமகள் மூவரும் எங்கள் கம்பெனி செய்த வெப்சைட்டில் கப்பல் டிக்கெட் எடுத்திருந்தார்கள். பட்டியலில் மாமி பெயர் மட்டும்தான் இருந்தது.

"புள்ளைங்கள விட்டுட்டு நான் மட்டும் போயி என்னா செய்ய?" என்று மாமி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

காரணம் எனக்குப் புரிந்தது. ஃபார்மில் பயணிகள் பெயர் எழுதும் கட்டங்களுக்கெல்லாம் புரோகிராமில் ஒரே பெயர்தான். அதன் பின்னால் சதுர அடைப்புக்குறி போட்டால்தான் சர்வர் எல்லாரையும் வரிசையாக வாங்கிக்கொள்ளும். போடாததால் கடைசியாக எழுதிய மாமி பெயரை மட்டும் வைத்துக்கொண்டது.

மேனேஜருக்குப் போன் செய்தேன். "பெஹ்லே டீக் கரோ. சுட்டி கேன்சல்" என்றார், முதலில் அதைச் சரிசெய், லீவு ரத்து என்று. ஜெட்டியில் இருந்த டிக்கெட் ஏஜென்ட் கையால் டிக்கெட் எழுதிக் கொடுத்து மூவரும் ஏறினார்கள். நான் ஆபீசில் உட்கார்ந்து புரோகிராமைத் திருத்தும்போது கப்பல் கிளம்பும் சங்கு கேட்டது.

இனி எல்லா ஃபார்மையும் நான் ஒருத்தியே பார்க்க வேண்டுமாம். முடியும்வரை லீவு கிடையாது. வேலையை விட்டால் ரூமையும் விட வேண்டும், அதுவும் கம்பெனியுடையது.

மாமி மறுபடி போர்ட் பிளேர் வரும்போது மாசிக் கருவாட்டுச் சம்பல் கொடுத்தனுப்புங்கள். என் பழைய போர்வையையும். இங்கே குளிரில்லை, சும்மாதான்.

போன் லைன் கிடைத்தால், பேச ஒன்றுமில்லாவிட்டாலும் உடனே வைத்துவிடாதீர்கள், அப்பா.

மேனேஜர் கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்,
சுகிர்தா