பகல் படமும் பாக்கிச் சுருளும்

மட்டாஞ்சேரி
6-3-1988, ஞாயிறு

சிரஞ்சீவி கமலாக்ஷிக்கு அம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அங்கே கௌஹாத்திக் குளிரிலும் பாங்க் வேலை அலைச்சலிலும் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது நினைத்துக்கொள்கிறேன். இன்று காலை எழுந்ததும், பல் தேய்க்கும் முன்பே, கூடத்தில் மாட்டியிருக்கும் உன் அப்பா படத்தைக் கழற்றிப் பெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்தேன். நாலு நாளாக இந்தக் கடிதத்தை எழுத உட்காருவதும், நிமிர்ந்து அந்தப் படத்தைப் பார்த்ததும் எழுந்து போய்விடுவதுமாக இருந்தேன். இன்று ஞாயிறு, பள்ளிக்கூடம் இல்லை, இன்றைக்கும் எழுதாவிட்டால் பிறகு எழுதவே மாட்டேன் என்று தோன்றியது.

மற்ற விசேஷங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். குழாயில் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் வருகிறது, வருவதும் உப்புக் கரிக்கிறது, குடிக்க லாரித் தண்ணீர்தான். முட்டிவலி மாடிப்படி ஏறும்போது மட்டும். உன் தம்பி சங்கரன் கோயமுத்தூரிலிருந்து போன வாரம் வந்து இரண்டு நாள் இருந்தான், இளைத்திருக்கிறான், ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினான். பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் மாமி நீ எப்போது வருகிறாய் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நீ வந்தால் உன்னிடம் சொல்லி அவள் மாப்பிள்ளைக்கு ஒரு லோன் வாங்க வேண்டுமாம், கௌஹாத்தியில் இருக்கிறவள் கொச்சியில் எப்படி லோன் கொடுப்பாள் என்றால், பாங்க் எல்லாம் ஒரே சர்க்கார்தானே டீச்சரே என்கிறாள். நீ தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ராத்திரி தலைக்குக் குளிக்காதே.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். கேமராவையும் லென்சையும் அப்பாவோடு சேர்ந்து செய்த பலகையையும் உன்னோடு வேலை பார்க்கும் பருவாவின் தங்கைக்கு இந்த மாதக் கடைசியில் கொடுத்துவிடப் போவதாக எழுதியிருந்தாய். அவள் காலேஜில் படிக்கிறாள், ஆசைப்படுகிறாள், உபயோகப்படட்டும் என்று எழுதியிருந்தாய். அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேனோ என்னவோ. எனக்கு இதற்குக் கை வராது அம்மா, வாழ்க்கையிலேயே முக்கியமாக வேண்டியிருந்த அந்த ஒரு தடவை ஃபிலிமை ஈரம் படாமல் வைக்கத் தெரியாதவள் நான், என்று அடுத்த வரி எழுதியிருந்தாய். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. கமலி, அந்த ஃபிலிமில் ஈரம் ஏறவில்லை. நீ எடுத்த படங்கள் வந்திருந்தன. என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லி எறியச் சொன்னவள் நான்தான்.

நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், உனக்குத் தெரிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். புதுச் சுருள் போட்டால் முதல் படம் பகலில் எடுக்க வேண்டும் என்பது உன் சட்டம். ராத்திரி ஆகாயத்தை எடுத்தால் ஒரு படம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று ஸ்டுடியோக்காரனுக்குத் தெரியாது, நடுவில் கத்திரி வைத்துவிடுவான், முதலில் ஒரு பகல் படம் இருந்தால் அதன் ஓரத்திலிருந்து ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்தாய். அதற்கும் மேலே, வெட்டாமல் தரவும் என்று ஒரு சீட்டு எழுதி டப்பாவில் ஒட்டுவாய். அந்தப் பகல் படத்துக்கு எப்போதும் கிணற்றடியில் அப்பா நிற்பார், பொத்தானை நான் அமுக்குவேன். உங்கள் வான சாஸ்திரத்தில் எனக்கு இருந்த பங்கு அது ஒன்றுதான். அப்பா என்னைப் பார்த்து, சீக்கிரம் அமுக்கடி, ஆபீஸுக்கு நேரமாச்சு, மிளகு என்ன காத்துண்டிருக்குமா என்று சிரிப்பார்.

எண்பத்தாறு ஏப்ரலில் ஹாலி வால்நட்சத்திரத்துக்காக நீங்கள் இரண்டு பேரும் ஐந்து ராத்திரி கும்பளங்கிக்குப் போனீர்கள். இங்கே துறைமுக வெளிச்சத்தில் ஒன்றும் வராது என்று அங்கே அப்பாவுக்குத் தெரிந்தவருடைய இறால் வளர்க்கும் உப்புநீர்க் கட்டின் வரப்பில் பலகையை வைத்தீர்கள். கீல் போட்ட இரண்டு பலகை, நடுவில் ஒரு திருகாணி, அதன்மேல் கேமரா. பூமி சுற்றுகிற வேகத்துக்கு ஈடாக அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அந்தத் திருகாணியைத் திருப்பிக்கொண்டிருப்பார். அந்தச் சுருளில்தான் வால்நட்சத்திரமும், அதன் பக்கத்தில் நீ சொன்ன பெரிய நட்சத்திரக் கொத்தும், ஒரு கேலக்ஸியும், விடியும் முன் எடுத்த, மேகம்போலத் தெரியும் தனுசு ராசி நெபுலாவும் இருந்தன. சுருளில் இன்னும் நாலைந்து படத்துக்கு இடம் இருக்கிறது, திரும்பி வந்து முடிக்கிறேன், அதுவரை கேமராவைத் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நீ பெங்களூருக்கு நேர்முகத்துக்குப் போனாய். பழைய படங்கள் ஒட்டிய ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு போனாய். அங்கே அந்தப் பேராசிரியர் ஆல்பத்தைப் பார்த்துவிட்டு, வால்நட்சத்திரப் படங்கள் கையில் வந்ததும் அனுப்பு, அதைப் பார்த்து ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதா என்று சொல்கிறேன் என்றார். அதை நீ எழுதிய கார்டு அப்பா போன மறுநாள்தான் வந்தது.

பதினாறாம் தேதி காலையில் மிளகுக் கம்பெனி ஆபீஸில் நாற்காலியில் இருந்தபடியே அப்பா போய்விட்டார். உனக்குத் தந்தி கொடுத்தோம். மத்தியானம் செல்லப்பா சித்தப்பா அடுக்களை வாசலில் வந்து நின்று, மன்னி, அண்ணா போன செய்தி நாளைக்குப் பேப்பர்ல வரணும்னா நாலு மணிக்குள்ள படம் வேணும், கல்யாண ஃபோட்டோவைப் போட்டா ஆள் யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது, வேற என்ன இருக்கு என்று கேட்டார். வேறு ஒன்றும் இல்லை. எல்லாம் உன் ஆல்பத்தில் பெங்களூரில் இருந்தன. அப்போதுதான் கேமராவுக்குள் இருக்கிற பகல் படம் நினைவுக்கு வந்தது. பத்து நாள் முன்னால் நான் எடுத்தது. சுருளைப் பின்னால் சுற்றி எடுக்கத் தெரியும், உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. சுற்றி எடுத்துச் செல்லப்பாவிடம் கொடுத்தேன். சீட்டு ஒட்டவில்லை. அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், வந்தது கமலி, யாரிடம் பேனா கேட்பது என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் ஸ்டுடியோ ராசப்பன் தானே வந்தான். முன்வாசலில் கூட்டமாக இருந்ததால் கொல்லைப் பக்கமாக வந்து, பத்திரிகைக்குப் படம் போய்விட்டது என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து நீட்டினான். டீச்சரே, பாப்பா எப்பவும் வெட்டாதேன்னு சொல்லும், இதுல சீட்டு ஒண்ணும் காணல, அதனால முதல்ல உள்ள சாருடைய படத்தை மட்டும் வெட்டி எடுத்தேன், பாக்கி ஒண்ணுமில்ல, காலியாக்கும், கொஞ்சம் தூசி மாதிரி புள்ளி இருக்கு, இது உங்களுக்கு வேணுமா என்று கேட்டான். நான் உறையிலிருந்து சுருளை எடுத்து மேற்குப் பக்கத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நெகட்டிவில் இருட்டு வெளுப்பாகவும் வெளிச்சம் கறுப்பாகவும் இருக்கும் என்று வருஷா வருஷம் போர்டில் வரைந்து காட்டுகிறவள் நான். ராசப்பன் தூசி என்றது நட்சத்திரங்கள். முதல் மூன்று படத்தில் அவை சின்னச் சின்னக் கோடாக இழுபட்டிருந்தன. நாலாவதிலிருந்து கோடு இல்லை, ஊசி முனையால் குத்தியதுபோல் வட்டமான புள்ளிகள், ஓரம்வரை. ஏழாவதிலோ எட்டாவதிலோ கடுகு அளவுக்கு ஒரு கறை, அதிலிருந்து ஒரு பக்கம் மட்டும் புகைபோல மெலிந்து போயிருந்தது. அது என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அதே படத்தில் கொஞ்சம் தள்ளி இன்னொரு கறை, வாலில்லாமல், உருண்டையாக. கடைசிப் படங்களில் தண்ணீரில் மை விழுந்ததுபோல் ஒரு படலம் இருந்தது. நீ நாலு வருஷமாக எதற்காக அலைந்தாயோ அது வந்துவிட்டது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது.

ராசப்பன் மறுபடி கேட்டான், என்ன செய்யணும் டீச்சரே என்று. வேண்டாம், கொண்டுபோய் எறிஞ்சுடு என்றேன். அவன் தயங்கினான், பாப்பா கேட்டா என்றான். கேக்க மாட்டா, நீ போ என்றேன். அவன் சுருளைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். வீட்டில் அப்படி ஒரு நாளில் யாருக்குப் புத்தி நிதானமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் என் புத்தி அப்போது நிதானமாகத்தான் இருந்தது. அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது எனக்குப் பொறாமைதான் வந்தது. அந்த ஐந்து ராத்திரியும் அப்பாவின் கடைசிப் பத்து நாளில் வந்தவை, ஐந்திலும் அவர் உன்னோடு இருந்தார், நான் இங்கே கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். முதல் தடவை கூப்பிட்டீர்கள். எனக்குக் கொசு ஆகாது என்று நான்தான் சொன்னேன், இன்னொரு தடவை வற்புறுத்திக் கூப்பிடுவீர்கள் என்று எதிர்பார்த்துக்கொண்டு. நீங்கள் இரண்டு பேரும் அதை அப்படியே நம்பிவிட்டீர்கள். விடிந்து வந்து அடுக்களையில் காப்பி குடித்துக்கொண்டு எத்தனை நிமிஷம், எந்தத் திசை என்று பேசுவீர்கள், நானும் பிஸிக்ஸ் படித்தவள் என்பது இருவருக்கும் நினைவு வராது, நானும் வாய் திறக்க மாட்டேன். அந்த ராத்திரிகள் இந்த வீட்டில் இருக்க வேண்டாம் என்றுதான் எறியச் சொன்னேன். நட்சத்திரங்கள் புள்ளியாக நின்றது உன் கெட்டிக்காரத்தனம் மட்டும் இல்லை, அப்பா கை தவறாமல் திருகாணி திருப்பினதும்தான். அவர் கைவேலை அது. அதை நினைக்கவே எனக்குப் பல மாதம் ஆயிற்று.

பதினாலாம் நாள், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, நீ கேமராவை எடுத்துப் பார்த்துவிட்டு, சுருள் எங்கே என்று கேட்டாய். பேப்பருக்காக எடுத்தேன், முதல் படம் மட்டும் தேறியது, பாக்கியெல்லாம் ஈரம் ஏறிப் போய்விட்டதாம் என்றேன். கொச்சிக் காற்றில் அப்படி நடக்கும், யார் சொன்னாலும் நம்புவார்கள். நீ என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. நெற்றியில் அடித்துக்கொண்டு, அந்த ஈரம் உறிஞ்சுகிற பொட்டலத்தைப் பையில் வைக்க மறந்துவிட்டேன், என் தப்பு என்றாய். நான் உன் தலையைத் தடவி, போனால் போகட்டும், அடுத்த தடவை ஜாக்கிரதையாக இரு என்று சமாதானம் சொன்னேன். எறியச் சொன்னதைக் காட்டிலும் இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. படம் இல்லை என்று நீ அந்தப் பேராசிரியருக்கு எழுதினாய், அவரிடமிருந்து பதில் வரவில்லை, பாங்க் பரீட்சை எழுதினாய். சித்தப்பா, பொண்ணுக்குப் புத்தி வந்துடுத்து மன்னி என்று சந்தோஷப்பட்டார். நான் தலையாட்டினேன்.

சுருள் எங்காவது கிடக்கிறதா என்று போன கார்த்திகை மாதம் ராசப்பனிடம் கேட்டேன், அவன் இப்போது தோப்பும்படியில் கடை வைத்திருக்கிறான். அது அப்பவே போச்சே டீச்சரே, கழிவு ஃபிலிம்லேருந்து வெள்ளி எடுக்கிறவன் மாசாமாசம் வந்து அள்ளிட்டுப் போவான் என்றான். அதனால் உனக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. மன்னித்துக்கொள் என்று எழுதவும் மனம் வரவில்லை, அதை நீ உன் பாட்டுக்கு முடிவு செய்துகொள். ஆனால் உனக்குக் கை வராது என்று மட்டும் இனி ஒருபோதும் எழுதாதே, நினைக்காதே. வந்தது. பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஒரு வேளைச் சோறாவது வீட்டில் வடித்துக்கொள். சங்கரனுக்கு மாதம் ஒரு கார்டாவது போடு, அக்கா எழுதுவதில்லை என்று குறைப்படுகிறான். கேமராவைக் கொடுக்காதே, அது முக்கியம். பலகையின் கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வை. நீ எல்லாவிதத்திலும் நன்றாக இருக்க வேண்டும், தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
மீனாக்ஷி

பி.கு. உறையில் உன் விலாசத்தைப் பாதி எழுதும்போது கை நின்றுவிட்டது. பொய்யை உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், உண்மையைத் தபால்காரர் கையில் கொடுத்துவிட்டு நான் இங்கே உட்கார்ந்திருப்பது சரியாகப் படவில்லை. அதனால் இதைப் போடப் போவதில்லை. கேமராவை நான் சொல்லும்வரை கொடுக்காதே என்று மட்டும் நாளை ஒரு கார்டு போடுகிறேன். இந்த மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் கோடை லீவுக்கு அடைக்கிறது, அடைத்த மறுநாள் புறப்பட்டு, மதராஸில் வண்டி மாறி, அங்கே வருகிறேன். பாலக்காட்டைத் தாண்டி நான் தனியாகப் போனதில்லை. செல்லப்பாவிடமும் சொல்லவில்லை, சங்கரனிடமும் சொல்லவில்லை, சொன்னால் யாராவது துணைக்கு வருவார்கள். கடிதத்தை உன் கையில் கொடுத்துவிட்டு, நீ கடைசி வரிவரை படித்து முடிக்கும்வரை உன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன்.