மலை இறங்கும்போது சார்ஜ் ஏறவில்லை

மாதா துணை

நாயுடுபுரம்,
திங்கட்கிழமை.

அன்பு மகள் பெர்லினுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் நல்ல சுகம், மழையும் குளிரும் வழக்கம்போல, அங்கே டப்ளினில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் ஒழுங்காகத் தூங்கி நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். சின்னத்தாயி அக்கா மகள் ரம்யா அங்கே படிக்கப் புதன்கிழமை கிளம்புகிறாள், அவள் பெட்டியில்தான் மிளகும் காபித்தூளும் இந்தக் கடிதமும் வருகின்றன. பத்து நாளாக நீ என் போனையும் எடுப்பதில்லை, வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் முதல் வரியோடு நிறுத்திவிடுவாய், காகிதம் என்றால் கையில் வந்த பிறகு படிக்காமல் இருக்க உனக்கு மனசு வராது என்று எனக்குத் தெரியும். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் எனக்கு வயசாகிவிட்டது என்று நினைக்காதே, சந்தோஷத்தில் கை நிற்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ அஜயைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னதும் அப்பா யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தார், அதற்குப் பிறகு வந்த நாலு சனிக்கிழமையும் நீ கூப்பிட்டபோது அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். சார்ஜ் தீர்ந்துவிட்டதாம் என்று நான் சொன்னதற்கு, நாலு வாரமும் சரியாக நான் கூப்பிடும் நேரத்துக்குத்தான் தீருமா அம்மா, அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லட்டும், இனி நான் கூப்பிடவே மாட்டேன் என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு உண்மையைச் சொல்கிறேன், நானும் உன் கட்சிதான். மனுஷன் வேண்டுமென்றே அணைத்து வைத்துவிட்டு என்னிடம் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். வேறு சாதி, வேறு சாமி, கோயிலில் நாலு பேர் கேட்பார்கள், அதனால் நழுவுகிறார் என்று எனக்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர் பட்ட பாட்டையும் நான் பார்த்தேன். பகலெல்லாம் சவாரிக்காரர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சாயங்காலத்துக்குள் போன் காலியாகிவிடும், அதனால்தானே நீ டப்ளினுக்குப் போகும்போது அந்தக் கார் சார்ஜரை வாங்கிக் கொடுத்து, மெக்கானிக்கிடம் சொல்லி நம் அம்பாசிடரில் அதற்கு ஒரு பாயிண்டும் வைத்துவிட்டுப் போனாய். அந்த வண்டி உன்னைவிட இரண்டு வயது மூத்தது, அது பிறந்தபோது அதற்கு இந்த வசதியெல்லாம் யார் வைத்தார்கள். இப்போது அது வேலை செய்யவில்லை என்று அப்பா மூன்று வயர் மாற்றினார், போனுக்குப் புது பேட்டரி போட்டார், செல்போன் கடை ராஜமுருகனிடம் போய்ச் சண்டையும் போட்டார். அந்தப் பிள்ளை பாவம், கடை வாசலிலேயே வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிச் சொருகிப் பார்த்தால் ஜோராக ஏறுகிறது. வீட்டு வாசலிலும் ஏறுகிறது. மலை இறங்கி, சனிக்கிழமை உன்னோடு பேச நிற்கிற டம்டம் பாறைக்குப் போவதற்குள் செத்துவிடுகிறது. வண்டிக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொல்லாத குறைதான்.

போன சனிக்கிழமை கொடைரோடு ஸ்டேஷனில் ஆள் ஏற்றிவரக் காலி வண்டியாகக் கிளம்பினார். வத்தலக்குண்டில் அக்காவைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி நானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன், கையும் களவுமாகப் பிடிக்கத்தான். போனைச் சார்ஜரில் சொருகினார், சிவப்பு விளக்கு எரிந்தது, நான் சாலையைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை, அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். பெருமாள்மலை தாண்டி இறக்கம் ஆரம்பித்ததும் வழக்கம்போலச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிட்டார். விளக்கும் அணைந்தது. கண்டுபிடித்துவிட்டேன் கண்டுபிடித்துவிட்டேன் என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பயந்துபோய் ஓரங்கட்டி, என்ன ஆச்சு, நெஞ்சு வலியா என்று கேட்கிறார். சாவி போட்டிருந்தால்தான் அந்தப் பாயிண்டுக்குக் கரண்டு வரும், நீங்கள் சாவியை அணைத்தால் போனுக்கு எங்கிருந்து ஏறும் என்று கேட்டேன். அவர் எதுவும் புரியாமல், "எறக்கத்துல என்னத்துக்கு எஞ்சின் ஓடணும்? அதான் மலையே எறக்கி விடுதே" என்றார்.

முப்பது வருஷப் பழக்கம். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நம் ஊர் டிரைவர்கள் பாதிப் பேர் செய்கிற வேலைதானே, உன் அப்பாவுக்கு அது மூச்சு விடுவதுபோல, செய்கிறோம் என்பதே தெரியாது. எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது, கியரில் போட்டுத்தான் இறங்க வேண்டும் என்று மெக்கானிக் தலைதலையாக அடித்துக்கொண்டும் கேட்டதில்லை. சார்ஜும் ஏறாது, சிக்னல் இல்லாத வளைவுகளில் போன் டவரைத் தேடித் தேடி இருக்கிற கொஞ்சத்தையும் தின்றுவிடும், அப்புறம் எப்படி உயிரோடு இருக்கும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, கோளாறைத் தன் சாவியிலேயே வைத்துக்கொண்டு மனுஷன் ஊரெல்லாம் வயர் வாங்கியிருக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பாதி சிரிப்பு, பாதி வேறு.

ஏனென்றால் அவர் சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அப்புறம், "அப்ப புள்ள நான் வேணும்னே அமத்தி வச்சேன்னா நெனச்சுக்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். நீ எழுதியதை அவரிடம் நான் சொல்லவில்லை பெர்லின், அவராகவே புரிந்துகொண்டார். சாவியைத் திருப்பினார், வண்டியைக் கியரில் போட்டார், விளக்கு எரிந்தது, அப்புறம் அணையவே இல்லை. டம்டம் பாறையில் நாற்பத்தொரு சதவீதம். எப்போதும் சவாரிகளை அருவியைப் பாருங்கள் என்று இறக்கிவிட்டு உன்னோடு பேசுவாரே, அதே கைப்பிடிச் சுவர் பக்கம் ஐந்து மணிக்குப் போய் நின்றார். நீதான் கூப்பிட மாட்டேன் என்று சொல்லிவிட்டாயே, போன் அடிக்கவில்லை. ஐந்தரை வரை நின்றார். அன்றைக்கு உனக்கு இரண்டு மிஸ்டு கால் வந்திருக்கும், அது நான் சொல்லிச் செய்தது இல்லை.

திரும்பி வந்து வண்டியில் உட்கார்ந்தவரிடம், யோசித்தீர்களே, என்னதான் முடிவு என்று கேட்டேவிட்டேன். அது முதல் வாரமே முடிந்த சோலி, நாலு வாரமாக அதைச் சொல்லத்தான் போனைச் சொருகிச் சொருகிப் பார்க்கிறேன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு, வீட்டில் என்னிடம் சொல்லியிருக்கலாமே, இல்லை என் போனிலாவது அவளைக் கூப்பிட்டிருக்கலாமே என்றால், அதை முதலில் அவளிடம்தானே, அதுவும் தனியாகத்தானே சொல்ல வேண்டும் என்கிறார். அவர் சொன்னது இவ்வளவுதான், அப்படியே எழுதுகிறேன்: "அந்தத் தம்பியையும் பக்கத்துல வச்சுக்கிட்டுக் கூப்பிடச் சொல்லு."

அஜய்க்கு என் அன்பைச் சொல். மிளகை ஈரம் படாத டப்பாவில் போட்டு வை, காபித்தூளில் பாதியை அந்தப் பிள்ளைக்குக் கொடு, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. மாதா உங்கள் இருவருக்கும் நிழலாக இருக்கட்டும், நீங்கள் எடுத்த காரியம் நல்லபடியாகக் கூடிவரட்டும்.

சனிக்கிழமை மறந்துவிடாதே, நமக்கு ஐந்து மணி, உனக்குப் பன்னிரண்டரை. நேற்றும் ஒரு சவாரியை இறக்கிவிட்டு வந்தார், போனை எடுத்துப் பார்த்தேன், நிறையச் சார்ஜ் இருந்தது. கீழே வரைக்கும் எஞ்சினை அணைக்கவே இல்லையாம்.

முத்தங்களுடன் உன் அம்மா,
அ. அடைக்கலமேரி