ஆட்டுப் புழுக்கையும் வல்லாரைத் தொட்டிகளும்

ஜூன் 9

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள். பத்து நாள் மொட்டைமாடியில் கட்டிப்போட்டு, கையால் தழை ஊட்டி வளர்த்த குர்பானி ஆடு போய்விட்டது. புழுக்கை மட்டும் ஒரு கூடை மிச்சம். அந்த ஆட்டினுடையதைக் குப்பை வண்டியில் கொட்ட மனம் வரவில்லை. பாதியை வல்லாரைத் தொட்டிகளில் போட்டுக் கிளறிவிட்டேன். நபீஸாவுக்குத் தெரியாது. ஆறாம் மாதம், மாடி ஏறுவதில்லை.

ஊருக்கு வெளியே மாவ்பியில் கீரை பயிரிடும் மாரிச்சாமி போனில் கத்தினார். "பச்சையாப் போடாதீங்க பாய், மக்கட்டும்!" மக்க மாசக்கணக்காகும். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து உண்டாகியிருக்கிறாள். வாய்க்குப் பிடிப்பது பச்சை வல்லாரையைப் பிசைந்து செய்யும் பர்மா அத்தோ ஒன்றுதான். காத்திருந்து அலுத்துவிட்டது எனக்கு.

ஜூன் 25

இலை உள்ளங்கை அகலம்! கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. குடத்திலிருந்து மூன்று தண்ணீர் ஊற்றி அலசினேன். மூன்று தண்ணீர் பட்டால் சுத்தம் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். வெங்காயம், கடலைப் பொடி, எலுமிச்சை போட்டுப் பிசைந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள். எனக்கு ஒரு வாய்கூட மிச்சம் வைக்கவில்லை.

ஜூன் 28

நபீஸாவுக்குக் காய்ச்சல். வயிற்றுப்போக்கு. உடம்புச் சூட்டினால் இருக்கும், வேறொன்றுமில்லை.

ஜூன் 29

மலத்தில் ரத்தம் போகிறது. காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை என்கிறாள்.

கிளினிக்கில் டாக்டர் டோ டின் டின் கருவியை வைத்துப் பார்த்து, துடிப்பு இருக்கிறது என்றார். பச்சையாக என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். "வீட்டு வல்லாரைதான், இவர் வளர்த்தது" என்றாள் நபீஸா, அந்த நிலையிலும் பெருமையாக. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "எரு ஏதாவது போட்டீர்களா?"

இல்லை என்றேன்.

ஏன் சொன்னேன்? அவள் முன்னால் சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். உப்புக் கரைசல் கொடுத்து, நாளை வரச் சொல்லி அனுப்பினார்கள்.

ஜூன் 30

காலையில் எழுப்பினால் கண்ணைத் திறக்கவில்லை. தட்டித் தட்டித்தான் முழித்தாள். யா அல்லாஹ், நாந்தான், நாந்தான் பண்ணேன் — அவ என்ன பண்ணுவா பாவம் —

டாக்ஸியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புழுக்கை, பதினாறு நாள், மூன்று தண்ணீர். உடனே அட்மிட் செய்து, மலத்தைச் சோதனைக்கு அனுப்பி, ஊசி மருந்து ஏற்றினார்கள். திட்டவில்லை. "நேற்றே சொல்லியிருக்கலாமே, கோ ஜமால்" என்று அண்ணன் முறை வைத்தே சொன்னார், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

ஜூலை 1

கருவியில் பிள்ளையின் துடிப்பு கேட்டது. ரொம்ப வேகம். வேகம் நல்லதா? கேட்கப் பயமாக இருக்கிறது.

ஜூலை 2

காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை. துணி எடுக்க வீட்டுக்கு வந்தவன் தொட்டிகளை எல்லாம் காலி செய்தேன். மீதிப் புழுக்கையை டிரம்மில் மண்ணோடு போட்டு மூடி, தேதி எழுதினேன். கையை எத்தனை தடவை கழுவினேன் என்று நினைவில்லை. மூன்று இல்லை.

ஜூலை 4

காய்ச்சல் விட்டது. நபீஸாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்படியே, "மொதல்ல நீங்க தின்னு பாத்திருக்கக் கூடாதா மச்சான்?" என்றாள்.

ஜூலை 6

பிள்ளை உதைத்ததாம். நர்ஸிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை.

நவம்பர் 16

எங்கள் மகள் மெஹ்ரீனுக்கு இன்றோடு நாற்பத்தொன்பது நாள். குறை ஒன்றும் இல்லை. இருந்தும் தூங்கும்போது மூக்கில் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். தனியாக என்னிடம் பிள்ளையை விட்டதில்லை நபீஸா.

இன்று தோளில் பிள்ளையோடு அவளே மாடி ஏறி வந்தாள். டிரம்மில் இருந்தது மக்கிக் கறுத்து, வாடையே இல்லாமல் மண்ணாகிவிட்டது. போன மாதம் அதைப் போட்டுத்தான் புது வல்லாரை நட்டேன். இலை வந்திருக்கிறது. பறிக்கத்தான் தைரியம் இல்லை.

ஒரு இலையைக் கிள்ளி, குழாயைத் திறந்துவிட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"மொதல்ல நீங்க."

வாயைத் திறந்தேன். மென்றேன், விழுங்கினேன். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாரம் பாப்போம்" என்றாள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுத் தனியே கீழே இறங்கிப் போனாள்.