கடல் பார்த்த அறை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலமாக இருக்கிறேன். கடிதத்தை அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை, நிஜமாகவே நலமாக இருக்கிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் சௌகரியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "அக்கா, முதல்ல நான் சொல்றதைக் கேளு" என்று ஆரம்பித்துவிடுவாய். காகிதத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை.

முதலில் உன் வீட்டுச் செய்தி. உப்புக் காற்றில் மாடிக் கைப்பிடி துருவேறிப் போயிருந்தது. சுரண்டிவிட்டுப் பெயிண்ட் அடித்தாயிற்று. மோட்டார் இன்னும் இருமிக்கொண்டுதான் தண்ணீர் ஏற்றுகிறது. பின்பக்கச் சேற்றுவெளியில் உள்ளான் பறவைகள் இந்த வருடம் சீக்கிரமே வந்து இறங்கிவிட்டன, அவற்றைப் பார்க்க வருகிறவர்களால் பின்பக்க அறைகள் எதுவும் காலி இல்லை. விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு இந்த வீட்டை வாடகைக்கு விட ஆரம்பித்தபோது, கடல் பார்த்த அறைக்குத்தான் அடிதடி நடக்கும் என்றாய். இங்கே வருகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேற்றைப் பார்க்கிற ஜாதி. கடல் பார்த்த அறையில் நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

இனி, நீ அனுப்பிய விருந்தாளி.

பறவை பார்க்க ஒருவர் வருகிறார், தனி ஆள், தெரிந்தவர், நன்றாகக் கவனித்துக்கொள் என்று செய்தி அனுப்பியிருந்தாய். கூடவே, அவருக்குக் கடல் பார்த்த அறை வேண்டும், காலைச் சாப்பாடு ஒன்பது மணிக்கு மேல் என்றும் எழுதியிருந்தாய். தம்பி, பறவை பார்க்கிறவன் ஒன்பது மணிக்குப் பாதி நாளை முடித்திருப்பான். இருட்டோடு எழுந்து, பிளாஸ்கில் டீயை வாங்கிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குத்தான் நான் இவ்வளவு நாளாகச் சமைத்துப் போடுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாய், சோறு போதவில்லை. வருவது நான் விட்டுவந்த மனிதர், உன் அத்தான்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

டாக்சியிலிருந்து கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு இறங்கினார். வெள்ளையைக் கண்டால் அந்த வெளியில் ஒரு பறவை உட்காராது. கழுத்தில் பைனாகுலர், அதன் மூடிகூடக் கழற்றவில்லை. நான் கதவைச் சாத்தவில்லை. வாங்க என்றேன், கடல் பார்த்த அறையைத் திறந்துவிட்டேன். மறுநாள் கோழி கூவுமுன் போய்க் கதவைத் தட்டினேன். பறவை பார்க்க வந்தவர் தூங்கினால் வீட்டுக்கு அவமானம் என்றேன். வழிகாட்டியின் பழுப்புச் சட்டை ஒன்றைக் கொடுத்தேன். அந்த வழிகாட்டியைக் காலின் நீளத்தைப் பார்த்து எல்லாரும் நாரை என்றுதான் கூப்பிடுகிறார்கள். பலகைப் பாதையை விட்டு இறங்காதீங்க சார் என்று நாரை சொல்லியும் கேளாமல், ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டார் உன் அத்தான். முழங்கால் வரை சேறு. பின்பக்க அறையில் தங்கியிருக்கும் பல் டாக்டர் அம்மாதான் கையைப் பிடித்து இழுத்துவிட்டாராம். ஒரு செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அடுத்த இரண்டு நாளும் நல்ல மனிதராக இருந்தார் என்பதையும் எழுதத்தான் வேண்டும். தண்ணீர் நின்றபோது வாளி வாளியாக மாடிக்குத் தூக்கிக் கொடுத்தார். டீ நல்லா இருக்கு என்று என்னைப் பார்த்தே சொன்னார், அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனையோ வருடமாகிறது. எனக்கு மனசு இளகவில்லை என்று சொன்னால் அது பொய். இங்கே வரும்போது கொண்டுவந்த பெட்டியை எங்கே வைத்தேன் என்று ஒரு தடவை யோசித்தேன்.

இரண்டாம் நாள் இருட்டியதுமே எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாறிவிட்டு நான் கடைசியாக என் தட்டைப் போட்டுக்கொண்டேன். டாக்டர் அம்மா மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். உன் அத்தான் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், போகிற போக்கில் விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனார்.

நான் அவரை விட்டு இங்கே வந்தபோது, அடிச்சாரா, குடிச்சாரா, வேற யாராவது இருக்காங்களா என்று நீ திருப்பித் திருப்பிக் கேட்டாய். இல்லை, இல்லை, இல்லை என்றேன். அப்புறம் என்னதான் குறை என்றாய். இதுதான் குறை. நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போது அணைத்திருக்கிறார். காய்ச்சலோடு மாத்திரை தேடிக்கொண்டிருக்கும்போது அணைத்திருக்கிறார். தன் வேலை முடிந்துவிட்டால் அறையில் வேறு யாரும் இல்லை அவருக்கு. முதலில் சிரித்தேன், பிறகு சொன்னேன், பிறகு சண்டை போட்டேன். ஒவ்வொரு தடவையும் கவனிக்கலை என்பார். அது பொய்யே இல்லை, தம்பி. இருபது வருடமும் அவர் கவனிக்கவில்லை.

டாக்டர் அம்மா டார்ச் அடித்தார். நான் எழுந்து போய் விளக்கைப் போட்டேன். திரும்பி வந்தவர், "பழக்கதோஷம், இதுக்குப் போயா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறே" என்றார். இந்த வீட்டில் விருந்தாளிகள் அவரவர் அறை விளக்கை மட்டும்தான் அணைக்கலாம் என்று சொல்லிவிட்டு, உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட்டேன். மறுபடி பரிமாறியும் கொண்டேன். மறுநாள் அவர் கிளம்பிவிட்டார். ஒன்பது மணிக்கு மேல்தான் காலைச் சாப்பாடு கொடுத்தேன், நீ கேட்டிருந்தபடியே.

போய்ச் சேர்ந்ததும் உன்னிடம் பேசியிருக்கிறார். அதனால்தான் நீ, அத்தானோடு போகவில்லை என்றால் வீட்டைப் பூட்டிவிடுகிறேன் என்று செய்தி அனுப்பியிருக்கிறாய். தாராளமாகப் பூட்டு. வீடு உன்னுடையது, என்னை அதில் ஆணி அடித்து வைக்கவில்லை. நாரையின் மனைவி வெளியின் அந்தக் கோடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறாள், சமையலுக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். எனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறது, விட்டுப் போக மனசில்லை. அதற்காக அந்த இருட்டுக்குத் திரும்பிப் போவேன் என்று நினைத்தால், பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். சின்ன வயதில் நீ இருட்டுக்குப் பயந்து அழுவாய். அப்போது உன்னை யாரும் அனுசரித்துப் போகச் சொல்லவில்லை. நான்தான் எழுந்து விளக்கைப் போடுவேன்.

உன் மேல் கோபம் இருக்கிறது. அதற்காக உன்னை வெறுத்துவிடவில்லை. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் முதுகுவலி தீரட்டும், உங்கள் வீட்டில் சிரிப்புக் குறையாமல் இருக்கட்டும். இனி யாரையும் பறவை பார்க்கிறவர் என்று சொல்லி அனுப்பாதே. லீவு கிடைக்கும்போது நீயே வா. அத்தானுக்காகப் பேச வராதே, வீட்டைப் பார்க்கவும் வராதே. அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு வா. உனக்குப் பின்பக்க அறை. வெள்ளைச் சட்டை எடுத்து வராதே. எத்தனை மணிக்கு வந்தாலும் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

என்றும் உன்னை ஆசீர்வதிக்கும்,
உன் அக்கா